டெக்குக்கு மரம் வாங்கும் முன்: நுனிச் சீட்டைப் படிக்கக் கற்றது

மார்ச் மாதத்தில் ஒரு நாள், டெக்கில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது வலது கால் பலகை லேசாக அமுங்கியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குத்திப் பார்த்தேன். கேக்கில் கத்தி போவதுபோல ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது. கீழே குனிந்து பார்த்தால் பலகை மட்டும் இல்லை, அதைத் தாங்கும் சட்டமும் மேல் விளிம்பில் மக்கியிருந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, டெக்கை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் லெட்ஜர் பலகை வெறும் ஆணியில் நின்றுகொண்டிருந்தது. ஒரு போல்ட் கூடக் கிடையாது. தீபாவளிக்கு அந்த டெக்கில்தான் இருபது பேர் நின்று போட்டோ எடுத்தோம்.

இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். வீடு 1995-இல் கட்டியது, டெக்கும் அதே வயசு. 12 அடிக்கு 16 அடி. முழுசா இடித்துவிட்டுப் புதுசு போடுவது என்று முடிவானது. காண்ட்ராக்டர் ஒருவர் வந்து பார்த்து எஸ்டிமேட் கொடுத்தார். அதில் மரத்தைப் பற்றி இருந்தது ஒரே வரி: "பிரஷர் ட்ரீட்டட் மரம், எல்லாம் சேர்த்து". "எந்த வகை?" என்று கேட்டேன். "பச்சையா இருக்குமே, அதுதான்" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மூன்று வாரம் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன். இதே ஊர்களில் வீடு வாங்கிய நம்மவர்கள் நிறையப் பேருக்கு இந்த வருஷமோ அடுத்த வருஷமோ இதே வேலை வரப்போகிறது. தொண்ணூறுகளில் போட்ட டெக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வயசாகிக்கொண்டிருக்கின்றன.

மரம் ஏன் மக்குகிறது

மரத்தைத் தின்பது தண்ணீர் இல்லை, பூஞ்சை. தண்ணீர் பூஞ்சைக்கு வழி விடுகிறது, அவ்வளவுதான். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலையெடுக்காது. 30 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றால் கொண்டாட்டம். வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கு இந்தக் கவலை இல்லை. மழையில் நனைந்து, இடுக்குகளில் ஈரம் தங்கி, இலைக் குப்பை சேர்ந்து கிடக்கும் டெக்குக்கு வருஷம் பூராவும் இதுதான் கவலை. இந்தப் பக்கம் கரையானும் உண்டு.

இதைத் தடுக்க இரண்டு வழி. இயற்கையிலேயே எதிர்ப்பு உள்ள மரத்தை வாங்குவது (ரெட்வுட், செடார், ஐப்பே), அல்லது சாதாரண மரத்துக்குள் மருந்தை ஏற்றுவது. இரண்டாவதைத்தான் பிரஷர் ட்ரீட்மென்ட் என்கிறோம்.

மேலே பூசுவது அல்ல இது. மரத்தை நீளமான இரும்பு உருளைக்குள் தள்ளி மூடிவிடுகிறார்கள். முதலில் வெற்றிடம் உண்டாக்கி மரத்தின் செல்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். அப்புறம் மருந்துக் கரைசலை நிரப்பி, ஏறத்தாழ 150 பிஎஸ்ஐ வரை அழுத்தம் கொடுக்கிறார்கள். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல நாலைந்து மடங்கு. காற்று இருந்த இடத்தில் மருந்து போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த முறைக்கு 1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் காப்புரிமை வாங்கினார். அப்போது ஏற்றியது கிரியோசோட், தார் போன்ற எண்ணெய். ரயில் தண்டவாளக் கட்டைகள் கறுப்பாக நாறுமே, அந்த வாசனைதான்.

அப்பா சொன்ன வைரம்

ஊருக்குப் போன் பண்ணியபோது விஷயத்தைச் சொன்னேன். அப்பா உடனே, "வைரமா பாத்து வாங்குப்பா, வெள்ளை இருந்தா தள்ளிடு" என்றார். வீட்டுக்குத் தேக்கு வாங்கும்போது ஆசாரி அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். தேக்கில் அது நூறு சதவீதம் சரி. நடுவில் கறுத்து இறுகிய வைரத்தில் பூச்சி அண்டாது, ஓரத்து வெள்ளை சீக்கிரம் போய்விடும்.

இந்தக் கிழக்குக் கரைப் பகுதியில் டெக்குக்கு வருவது சதர்ன் எல்லோ பைன். இதில் கணக்கு தலைகீழ். மருந்து ஏறுவது வெள்ளைப் பகுதியில்தான். மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் போன வழி அது, திறந்தே இருக்கும். வைரப் பகுதி அடைத்துக்கொண்டுவிடும், 150 பிஎஸ்ஐ கொடுத்தாலும் மருந்து சரியாக உள்ளே போகாது. தேக்கின் வைரத்துக்கு இருக்கும் சொந்த எதிர்ப்புச் சக்தி பைனின் வைரத்துக்கு அந்த அளவு கிடையாது. ஆக, மருந்தேற்றிய பைனில் வெள்ளை நிறைய இருப்பதே நல்லது. இதை அப்பாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அமெரிக்கால மரமும் தலைகீழா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு வேறு கதை. அங்கே கிடைக்கும் டக்ளஸ் ஃபர் மருந்தை எளிதில் வாங்காது. அதனால் மரத்தின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டு, அதன் வழியாக மருந்தை ஏற்றுகிறார்கள். கடையில் ஸ்டேப்ளர் அடித்து எடுத்ததுபோலத் தழும்பு தெரிந்தால் அது குறை இல்லை, வேண்டுமென்றே செய்தது.

ஆர்சனிக் போன வருஷம்

பழைய டெக்கில் இருந்தது என்ன மருந்து? இங்கேதான் விஷயம் கொஞ்சம் கனமாகிறது.

பல பத்தாண்டுகளாக இங்கே வீட்டு டெக்குகளுக்குப் போட்டது சிசிஏ: குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து. இதைக் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த சொண்டி காமேசம், ஆண்டு 1933. செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் கரையானையும் செம்புக்கு அசராத பூஞ்சையையும் பார்த்துக்கொள்ளும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். மலிவு, நீடித்த உழைப்பு. உலகம் முழுக்கப் போனது.

பிணைந்திருந்தாலும் முழுசாக இல்லை. மழையில் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்சனிக் கசிந்து கீழே மண்ணுக்குப் போகிறது, மரத்தைத் தொடும் கையிலும் ஒட்டுகிறது. ஆர்சனிக் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். 2002 பிப்ரவரியில் மருந்து உற்பத்தியாளர்கள் வீட்டு உபயோக மரத்துக்கு சிசிஏ ஏற்றுவதைத் தாங்களாகவே நிறுத்தச் சம்மதித்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. கெடு 2003 டிசம்பர் 31. அதற்குப் பின் வீட்டு டெக், விளையாட்டுத் திடல், பிக்னிக் மேசைக்கு அது கிடையாது.

ஆகவே ஒரு எளிய கணக்கு: உங்கள் டெக் 2004-க்கு முந்தையது, மருந்தேற்றிய மரம் என்றால், சிசிஏ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 1995. எங்கள் மகள் மூன்று கோடைக்காலம் அந்த டெக்குக்கு அடியில்தான் மண்ணைத் தோண்டி "கிச்சன்" வைத்து விளையாடினாள். இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

செய்தது இது. அடுத்த நாளே கீழே போக வழியை அடைத்தோம். குழந்தை மருத்துவரிடம் சொன்னோம். மண்ணை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இடித்த மரத்தில் ஒரு துண்டைக்கூட எரிக்கவில்லை. இது முக்கியம்: மருந்தேற்றிய மரத்தை அடுப்பிலோ, கேம்ப் ஃபயரிலோ, தோட்டத்துக் குப்பையோடோ எரிக்கவே கூடாது. ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். தூளாக்கி செடிக்கு மல்ச் போடவும் கூடாது. ஊர்க் குப்பைக் கிடங்கில் இதை எங்கே போடுவது என்று கேட்டு அங்கேதான் சேர்க்க வேண்டும். அறுக்கும்போது முகக்கவசம், கையுறை, தூளைக் கூட்டி அள்ள ஒரு தார்ப்பாய்.

டெக் இன்னும் உறுதியாக இருக்கிறது, இப்போதைக்கு மாற்ற வசதியில்லை என்பவர்கள் பதற வேண்டாம். உள்ளே ஊறும் வகை ஸ்டெயினை அவ்வப்போது பூசினால் கசிவு குறையும். அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாப்பிடும் முன் கை கழுவிவிடுங்கள். சாப்பாட்டை நேராக அந்த மரத்தின் மேல் வைக்காதீர்கள். கீழே கீரை, காய்கறி போடாதீர்கள்.

இப்போது கடையில் இருப்பது

சிசிஏ போன இடத்துக்கு வந்தவை பெரும்பாலும் செம்பை நம்பியவை. ஏசிக்யூ என்றால் செம்போடு குவாட் என்ற பூஞ்சைக்கொல்லி. சிஏ என்றால் செம்போடு அசோல். எம்சிஏ என்பது அதே செம்பும் அசோலும், ஆனால் செம்பு கரைந்த நிலையில் இல்லாமல் மிக நுண்ணிய துகளாக இருக்கும். ஆர்சனிக், குரோமியம் எதிலும் இல்லை. பச்சை நிறம் செம்பினால் வருவது. பழுப்பாக விற்பது அதே மரம்தான், நிறமி கலந்திருக்கிறார்கள்.

ஆனால் காண்ட்ராக்டர் சொன்ன "பச்சை"யை வைத்து உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அதைச் சொல்வது ஒவ்வொரு மரத்தின் நுனியிலும் ஸ்டேப்பிள் அடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் சீட்டு. நாலு விஷயம் பார்க்க வேண்டும்: மருந்தின் பெயர், ஒரு கன அடி மரத்தில் எத்தனை பவுண்டு மருந்து, பயன்பாட்டு வகை, சோதனை நிறுவனத்தின் முத்திரை.

இதில் பயன்பாட்டு வகைதான் உயிர். அமெரிக்க மரப் பாதுகாப்புச் சங்கம் (ஏடபிள்யூபிஏ) வகுத்தது. டெக்குக்குத் தேவையானவை மூன்று:

யூசி3பி: தரைக்கு மேலே, மழையில் நனையும் இடம்.
யூசி4ஏ: மண்ணைத் தொடும் இடம்.
யூசி4பி: மண்ணைத் தொடும், கடுமையான நிலை அல்லது மாற்றவே முடியாத முக்கிய உறுப்பு.

சிஏ-சி என்ற மருந்தை எடுத்துக்கொண்டால், யூசி3பி-க்குக் கன அடிக்கு 0.06 பவுண்டு, யூசி4ஏ-வுக்கு 0.15 பவுண்டு. கிராமில் சொன்னால் சுமார் 27, சுமார் 68. இரண்டரை மடங்கு வித்தியாசம். இரண்டும் அதே பச்சை, பக்கத்துப் பக்கத்து அடுக்கு, விலையில் மட்டும் கொஞ்சம் ஏற்ற இறக்கம்.

"டெக் தரைக்கு மேலதானே இருக்கு, யூசி3பி போதாதா?" என்று நானும் நினைத்தேன். 2016-இல் இந்தத் தரநிலையைத் தெளிவுபடுத்தினார்கள். தரைக்கு மேலே இருந்தாலும் கீழ்க்கண்ட நிலை இருந்தால் மண்ணைத் தொடும் வகையையே போட வேண்டும்: தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருப்பது, கீழே காற்றோட்டம் இல்லாதது, இலை, மண் சேர்ந்து கிடப்பது, ஸ்பிரிங்ளர் அடிக்கடி நனைப்பது, கெட்டுப்போனால் மாற்றுவது கஷ்டமாகவும் கட்டுமானத்துக்கு முக்கியமாகவும் இருப்பது.

கடைசி வரியை இரண்டு தடவை படியுங்கள். மேல் பலகை போனால் ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். ஜாயிஸ்ட், பீம், லெட்ஜர் போனால் டெக்கையே பிரிக்க வேண்டும். எங்கள் பழைய டெக்கில் முதலில் கண்ணில் பட்டது பலகை, உண்மையில் செலவு வைத்தது ஜாயிஸ்ட். அதனால் நான் எடுத்த முடிவு: தூண், பீம், ஜாயிஸ்ட், லெட்ஜர், படிச்சட்டம் எல்லாம் யூசி4ஏ. மேல் பலகை மட்டும் யூசி3பி. 16 அங்குலத்துக்கு ஒன்று என்று 13 ஜாயிஸ்ட், சில பீம்கள். மொத்த எஸ்டிமேட்டில் இந்த வித்தியாசம் பெரிசாகத் தெரியவில்லை.

மேலே காம்போசிட் பலகை போடப்போகிறவர்களுக்கும் இது பொருந்தும். இருபத்தைந்து வருஷம் வாரண்டி என்பது அந்தப் பிளாஸ்டிக் கலவைப் பலகைக்கு. அதைத் தாங்கும் சட்டம் பெரும்பாலும் இதே பச்சை மரம்தான். சட்டம் பன்னிரண்டு வருஷத்தில் போனால் மேலே உள்ள வாரண்டியை வைத்து என்ன செய்வது?

ஆணியில் விட்டுவிடாதீர்கள்

புது மருந்துகளில் ஒரு பக்க விளைவு. செம்பு முன்பைவிட அதிகம், துருவைத் தடுத்துக்கொண்டிருந்த குரோமியமும் இல்லை. ஈர மரத்தில் செம்பு அயனிகள் சாதாரண இரும்பைத் தொட்டால், செம்பு படிந்து இரும்பு அரிக்கும். மரம் நன்றாக இருக்கும், ஆணி உள்ளே கரைந்திருக்கும். ஆகவே ஹாட் டிப் முறையில் துத்தநாகம் பூசியது, அல்லது ஸ்டெயின்லெஸ், அல்லது பச்சை மரத்துக்கென்றே பூச்சு கொடுத்து அப்படி அச்சிட்டு விற்கும் ஸ்க்ரூ. பளபளப்பாக இருக்கும் சாதா எலக்ட்ரோ பிளேட்டிங் ஆணி வேண்டாம். ஜாயிஸ்டைத் தாங்கும் இரும்புக் கொக்கிகளுக்கு ஜி185 என்ற பூச்சு அளவு பாருங்கள். துத்தநாகக் கொக்கிக்குத் துத்தநாக ஆணி, ஸ்டெயின்லெஸுக்கு ஸ்டெயின்லெஸ்; கலக்காதீர்கள். அலுமினியத் தகட்டை இந்த மரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், ஓட்டை விழும்.

லெட்ஜர் விஷயத்தில் பேரமே கிடையாது. அரை அங்குல போல்ட் அல்லது லேக் ஸ்க்ரூ, விதிப்படியான இடைவெளியில், மேலே தண்ணீர் உள்ளே போகாத தகடு. டெக் சரிந்து விழும் விபத்துகளில் வழக்கமான குற்றவாளி இந்த இடம்தான். அமெரிக்க மரக் கவுன்சில் வெளியிட்ட டிசிஏ 6 என்ற வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது, படங்களோடு. தூண் 6க்கு 6 என்று சொல்வதும் அதுதான். காண்ட்ராக்டரிடம் பேசும் முன் அதை ஒரு தடவை புரட்டுங்கள்.

அறுத்த முனை, ஈரப் பலகை

தடித்த மரத்தில் மருந்து மையம் வரை போயிருக்கும் என்று நிச்சயமில்லை. குறுக்கே அறுத்தால் மருந்தில்லாத நடுப்பகுதி வெளியே வந்துவிடும், அதுவும் தண்ணீரை உறிஞ்சும் முனை. ஒவ்வொரு அறுத்த முனைக்கும், துளைக்கும், செம்பு 2 சதவீதம் உள்ள காப்பர் நாப்தனேட்டைப் பிரஷ்ஷால் தடவ வேண்டும். தூணை அறுத்தால் அறுத்த முனை மேலே, ஆலையிலிருந்து வந்த முனை கீழே. இதெல்லாம் காசு ஆகாத வேலை, அதனாலேயே யாரும் செய்வதில்லை. ஒரு டப்பாவை நானே வாங்கி வேலை செய்பவர்களிடம் கொடுத்தேன். முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாளிலிருந்து தடவினார்கள்.

பலகை பெரும்பாலும் மருந்தில் நனைந்த ஈரத்தோடே கடைக்கு வரும். காயக் காயச் சுருங்கும். ஐந்தே கால்... இல்லை, கடையில் "5/4க்கு 6" என்று எழுதியிருப்பது உண்மையில் 1 அங்குல கனம், 5.5 அங்குல அகலம். ஈரப் பலகையை இடைவெளி விடாமல் ஒட்டிப் போட்டால், காய்ந்தபின் தானே இடைவெளி விழும். காய்ந்த பலகையாக இருந்தால் 1/8 அங்குலம் விட்டுப் போட வேண்டும். மருந்தேற்றியபின் சூளையில் உலர்த்திய மரம் கேடிஏடி என்ற குறியோடு வரும். விலை கூடுதல், முறுக்கல், வளைவு குறைவு, சீக்கிரமே ஸ்டெயின் அடிக்கலாம். நான் ஜாயிஸ்டுக்கு ஈர மரம், மேல் பலகைக்குக் கேடிஏடி வாங்கினேன். ஈரப் பலகை வாங்கினால் ஸ்டெயினுக்கு அவசரப்படாதீர்கள். மேலே சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் காயவில்லை, உறிஞ்சினால் அடிக்கலாம்.

காண்ட்ராக்டரிடம் கொடுத்த தாள்

கடைசியில் எஸ்டிமேட்டில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக இதை எழுதி வாங்கினேன்: சட்ட மரம் எல்லாம் யூசி4ஏ, சதர்ன் பைன் நம்பர் 2 அல்லது மேல். மேல் பலகை யூசி3பி, கேடிஏடி. இரும்பு எல்லாம் ஹாட் டிப். லெட்ஜருக்கு போல்ட்டும் தகடும். அறுத்த முனைக்கெல்லாம் மருந்து. சீட்டுகளை நான் பார்த்த பிறகே அறுக்கத் தொடங்குவது.

மரம் வந்த அன்று சீட்டு சீட்டாகப் பார்த்தேன். 13 ஜாயிஸ்டில் 4 மட்டும் யூசி3பி. யாரும் ஏமாற்றவில்லை, கடையில் அடுக்கு மாறிவிட்டது. காண்ட்ராக்டர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். பார்க்காமல் விட்டிருந்தால் அந்த நாலும் அப்படியே மேலே ஏறியிருக்கும், பலகை மூடிய பிறகு யாருக்குத் தெரியும்?

டெக் ஜூனில் முடிந்தது. மண்ணாய்வு முடிவில் டெக்குக்கு நேர் கீழே உள்ள மண்ணில் ஆர்சனிக் முற்றத்தின் மற்ற இடத்தைவிட அதிகம் என்று வந்தது. மேல் மண்ணை எடுக்கச் செய்து, துணி விரித்து, ஜல்லி கொட்டியிருக்கிறோம். மகளின் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அவளுடைய "கிச்சன்" இப்போது மாமரம் இல்லாத குறைக்கு மேப்பிள் மரத்தடியில் நடக்கிறது. நுனிச் சீட்டுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். இந்த வீட்டை அடுத்து வாங்குகிறவர், காலுக்குக் கீழே இருப்பது என்ன மரம் என்று ஊகிக்க வேண்டியதில்லை.